பெற்றதைக் காத்தல்

யோகம், க்ஷேமம் என்னும் இரு சொற்களைச் சாஸ்திரங்கள் பெரும்பாலும் இணைத்தே வழங்குகின்றன. இதுவரை கிட்டாத ஒன்றை அடைவது யோகம்; அடைந்ததை இழக்காமல் காப்பது க்ஷேமம் என்று ஆசாரியர்கள் பொருள் கூறுவர். இவ்விரண்டில் முதலாவதற்கே உலகம் மாலையிடுகிறது. புதுமனை புகுவிழாவுக்கு ஊரையே அழைப்பார்கள். மழைக்காலத்திற்கு முன் கூரையைப் பழுதுபார்க்கும் நாளில் யாரையும் அழைப்பதில்லை. ஆயினும் வீடு நிலைத்து நிற்பது அந்த இரண்டாவது வேலையால்தான்.

தீய பழக்கம் ஒன்றை விட்டவருக்கும் இது பொருந்தும். சிகரெட்டைக் கைவிட்ட நாள் யோகம். அதற்குப் பின்வரும் ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு விருந்தும் க்ஷேமத்திற்கு உரியவை.

மாலை நான்கு மணி

பெங்களூருவில் வொயிட்ஃபீல்டு பகுதியின் மென்பொருள் வளாகம் ஒன்றில் பணிபுரியும் தமிழ் இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்து பார்க்கலாம். பத்தாண்டுகள் புகைத்தவர், விட்டு ஆறு வாரங்கள் ஆகின்றன. வீட்டில் தனித்திருக்கும்போது அவருக்குத் தொல்லையில்லை. மாலை நான்கு மணிக்கு நண்பர்கள் வளாக வாயிலைக் கடந்து எதிரிலுள்ள தேநீர்க் கடைக்குச் செல்லும்போதுதான் சோதனை தொடங்குகிறது. கண்ணாடிக் குவளையில் சூடான தேநீர், தீப்பெட்டி உரசும் ஓசை, பழகிய சிரிப்பு. ஒரு கை அவரை நோக்கி நீள்கிறது. ‘ஒந்தே ஒந்து, குரு!’ என்கிறது ஒரு குரல். கன்னடத்தில் ‘ஒன்றே ஒன்று’ என்று பொருள். அந்நகரில் நண்பர்கள் ஒருவரையொருவர் ‘குரு’ என்று அழைப்பது வழக்கம். அந்தக் கணத்தில் உண்மையான குரு யார், சீடர் யார் என்பதைத்தான் அந்த இளைஞர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

உடல் நிக்கோட்டினைக் கேட்டுத் தவிக்கும் தவிப்பு, விட்ட முதல் சில நாட்களில் உச்சத்தில் இருக்கும். பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் அது பெரிதும் தணிந்துவிடும் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். அப்படியானால் ஆறாம் வாரத்தில் தேநீர்க் கடை வாசலில் எழும் வேட்கை எங்கிருந்து வருகிறது? அதற்கு வேதாந்தம் தரும் பெயர் வாசனை. பெருங்காயம் வைத்த பாண்டத்திலிருந்து பெருங்காயத்தை எடுத்துவிட்டாலும் மணம் போவதில்லை. தேநீர், மாலை நேரம், நண்பனின் முகம், விரலிடையே சிகரெட் ஆகிய நான்கும் பல்லாயிரம் முறை சேர்ந்து வந்தமையால், முதல் மூன்றும் வந்தவுடன் மனம் நான்காவதைத் தானே தேடுகிறது.

இன்றைய உளவியலும் இதையே வேறு சொற்களில் கூறுகிறது. அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட், பழக்கத்தை விட்டவர்கள் மீண்டும் எப்போது வழுக்கி விழுகிறார்கள் என்று ஆராய்ந்து, 1985-இல் ஜூடித் கார்டனுடன் இணைந்து ஒரு நூல் வெளியிட்டார். பெரும்பாலான சறுக்கல்களுக்கு அவர் கண்ட சூழ்நிலைகள் மூன்று: மனச்சோர்வு போன்ற துன்ப உணர்ச்சிகள், பிறருடன் பிணக்கு, மற்றவர்கள் நடுவே உண்டாகும் வற்புறுத்தல். மூன்றாவது வகையில் யாரும் வாய்திறந்து வற்புறுத்த வேண்டும் என்பதில்லை. பிறர் புகைப்பதைப் பார்த்துக்கொண்டு அருகில் நிற்பதே போதும்.

படிகமும் செம்பருத்தியும்

இங்கே விவேகம் தேவைப்படுகிறது. அந்த இளைஞர் பத்தாண்டுகளாக நான்கு மணிக்கு எதைத் தேடிச் சென்றார்? பத்து நிமிட ஓய்வு, மேலாளரைப் பற்றிய முணுமுணுப்பு, ஊர்ச் செய்தி, ‘இவர்களுள் நானும் ஒருவன்’ என்னும் நிறைவு. இவற்றுள் எதுவும் சிகரெட்டிலிருந்து வந்ததன்று. அது வெறுமனே அங்கே உடனிருந்தது. தெளிந்த படிகத்தின் அருகே செம்பருத்தியை வைத்தால் படிகமே சிவப்பாகத் தோன்றுகிறது. ஒன்றன் தன்மையை மற்றொன்றின்மீது ஏற்றிக் காணும் இந்த மயக்கத்தை அத்யாசம் என்பர். நட்பின் இனிமையைச் சிகரெட்டின்மீது ஏற்றிக் கண்டதே இங்கு நேர்ந்த மயக்கம்.

இதைத் தெளியாதவர் இரண்டு தவறுகளுள் ஒன்றைச் செய்வார். ஒருவர், சிகரெட்டோடு சேர்த்து நண்பர்களையும் நிரந்தரமாகத் துறந்து, சில வாரங்களில் தனிமை தாளாமல் இரண்டையும் திரும்ப அணைத்துக்கொள்வார். மற்றவர், ‘எனக்கு மனவுறுதி இருக்கிறது’ என்னும் நம்பிக்கை ஒன்றையே துணையாகக் கொண்டு, முதல் வாரத்திலேயே புகை சூழ்ந்த கூட்டத்தின் நடுவே சென்று அமர்வார். புதிதாகப் பூசிய சிமெண்டுத் தளத்தின்மீது சில நாட்கள் யாரும் நடப்பதில்லை. நீர் ஊற்றிக் காப்பார்கள். தளம் இறுகிய பின் அதன்மீது கட்டிலையும் பீரோவையும் தயங்காமல் வைக்கலாம். தொடக்க வாரங்களில் தேநீர்க் கடையைத் தவிர்த்து, அதே நண்பரை மதிய உணவில் சந்திப்பது கோழைத்தனம் அன்று. தளம் இறுகக் காத்திருக்கும் அறிவுடைமை.

இலண்டனில் ஒரு விருந்து

நண்பர்கள் நடுவே உறுதியைக் காப்பது எப்படி என்பதற்குக் காந்தியடிகளின் வாழ்வில் ஓர் அரிய பாடம் உண்டு. சிறுவயதில், சிற்றப்பா வீசியெறிந்த துண்டுச் சிகரெட்டுகளைப் பொறுக்கி உறவினப் பையன் ஒருவனோடு சேர்ந்து புகைத்ததையும், அது போதாமல் வேலைக்காரரின் காசைத் திருடியதையும் தம் சுயசரிதையில் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அப்பழக்கமும் துணையோடுதான் தொடங்கியது என்பது கருதத் தக்கது.

1888-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறுமுன், மதுவையும் மாதரையும் புலாலையும் தீண்டுவதில்லை என்று ஜைனத் துறவியான பேச்சார்ஜி சுவாமியின் முன்னிலையில் தாயாருக்கு அவர் உறுதி அளித்தார். இலண்டனில் நண்பர் ஒருவர், புலால் உண்ணுமாறு அன்பினால் ஓயாது வற்புறுத்தினார். பெந்தாமின் தத்துவ நூலைக்கூடப் படித்துக் காட்டினார். காந்தி எதிர்வாதம் செய்யவில்லை. வாதத்தில் தம்மால் வெல்ல முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, விரதம் விரதமே என்ற அளவில் நின்றார்.

பின்னொரு நாள் அந்நண்பர் அவரை நாடகத்திற்கு அழைத்துச் செல்லுமுன் ஹோபர்ன் உணவகத்தில் விருந்தளித்தார். முதலில் வந்த சூப்பில் புலால் உண்டா என்று காந்தி பணியாளரிடம் கேட்க முற்பட்டதும் நண்பருக்குக் கோபம் வந்தது. நாகரிகமாக நடந்துகொள்ள இயலாவிட்டால் வேறெங்காவது உண்டுவிட்டு வெளியே காத்திருக்கும்படி கூறிவிட்டார். காந்தி மகிழ்ச்சியோடு எழுந்து சென்றார். அருகிலிருந்த சைவ உணவகம் மூடியிருந்ததால் அன்றிரவு பட்டினி. ஆயினும் நண்பரோடு நாடகத்திற்குச் சென்றார். நடந்ததைப் பற்றி இருவருமே பேசவில்லை. அவர்களுடைய நட்பு சிறிதும் குறையவில்லை.

இதில் மூன்று நுட்பங்கள் உள்ளன. முடிவு விருந்து மேசையில் எடுக்கப்படவில்லை. கப்பலேறும் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. மறுப்புக்கு வாதம் துணையாகத் தேடப்படவில்லை. சூப்பைத் துறந்தவர் நண்பரைத் துறக்கவில்லை.

முன்னும் இடையிலும் பின்னும்

இப்பாடத்தை நான்கு மணித் தேநீருக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

செல்லுமுன்: சொல்ல வேண்டிய சொல்லை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ‘விட முயன்றுகொண்டிருக்கிறேன்’ என்பது பேரத்திற்கு இடம் தரும் சொல். ‘நான் புகைப்பதில்லை’ என்பது பேரத்தை முடித்துவைக்கும் சொல். அதைப் புன்னகையோடு ஒருமுறை கூறிவிட்டு நண்பரின் நலத்தை விசாரிக்கத் தொடங்கினால் பேச்சு தானே திசைமாறும். கூட்டத்தில் ஒருவரிடமாவது முன்பே விஷயத்தைச் சொல்லி வைத்தால், கை நீளும்போது அவரே தடுத்துவிடுவார். ‘ஒன்றே ஒன்று’ என்னும் அழைப்பு எத்துணை வலியது என்பதைச் சட்டமும் அறியும். சிகரெட்டைச் சில்லறையாக விற்பதைக் கர்நாடக அரசு 2017-இல் தடைசெய்தது. ஆனால் நண்பரின் பெட்டியிலிருந்து நீளும் ஒன்றைத் தடுக்கச் சட்டம் வராது; சொந்த முடிவுதான் வர வேண்டும்.

இடையில்: வேட்கை அலை போன்றது, எழும், உயரும், சில நிமிடங்களில் தானே தாழும். அலையோடு போரிடாமல் அதன்மேல் மிதந்து கடக்கும் பயிற்சியை மார்லட் தம்மிடம் வந்தோருக்குக் கற்பித்தார். ‘நான் தவிக்கிறேன்’ என்பதற்குப் பதிலாக ‘மனத்தில் ஒரு தவிப்பு எழுந்திருக்கிறது’ என்று சாட்சியாக நின்று காண்பது சாதகர்களுக்குப் புதிதன்று. இதற்குத் துணையாக மருத்துவர்கள் நான்கு எளிய செயல்களைக் கூறுவர்: சற்றுத் தள்ளிப்போடுவது, ஆழ்ந்து மூச்சுவிடுவது, நீர் அருந்துவது, வேறொரு செயலில் ஈடுபடுவது. கையில் குவளை இருந்தால் மற்றொன்றுக்கு இடமிருக்காது. காற்று வரும் பக்கமாக நின்றால் புகை முகத்தில் படாது.

திருமண வரவேற்பு, மாடித்தோட்ட விருந்து போன்றவற்றில் மது புழங்கும் இடம் இரட்டை அபாயமுடையது. மது முதலில் தளர்த்துவது காவலைத்தான். அங்கே முன்னதாகச் சென்று முன்னதாகவே விடைபெறுவது நல்லது. ‘இது சிகரெட் அல்லவே’ என்று நீட்டப்படும் பதிலிகளிடமும் விழிப்பு வேண்டும். மின் சிகரெட்டின் விற்பனையை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுவதும் தடைசெய்தது. கர்நாடக அரசு 2024 பிப்ரவரியில் ஹுக்காவையும் தடைசெய்தது. பெயர் மாறினாலும் வாசனை ஒன்றே.

பின்னர்: ஒருநாள் சறுக்கிவிட்டால்? சறுக்கிய கணத்தைவிட அதற்கடுத்த எண்ணமே ஆபத்தானது என்று மார்லட் எச்சரித்தார். ‘எல்லாம் போயிற்று, இனி விட்டென்ன, விடாமலென்ன’ என்னும் அந்த எண்ணமே ஒரு சிகரெட்டை ஒரு பெட்டியாக்குகிறது. கூரையில் ஓர் ஓடு உடைந்ததற்காக வீட்டை யாரும் இடித்துவிடுவதில்லை. அன்றே, அப்போதே, மீண்டும் தொடங்க வேண்டும். எந்த இடத்தில், எவருடன், எந்த மனநிலையில் காவல் தளர்ந்தது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

துணையை நாடுவதிலும் தயக்கம் கூடாது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் நிறுவனம், 1800-11-2356 என்னும் கட்டணமில்லா தேசியத் தொலைபேசிச் சேவையின் தென்னக மையமாக 2018 முதல் இயங்கிவருகிறது; தமிழிலும் ஆலோசனை பெறலாம். சிகரெட் பெட்டியின்மீதே அவ்வெண் அச்சிடப்பட்டிருக்கிறது. விலங்கின்மேலேயே திறவுகோலின் முகவரி!

நீட்டிய கை

விட்டவருக்கு நேரும் இறுதிச் சோதனை நுண்மையானது: ‘நான் விட்டுவிட்டேன், இவர்கள் இன்னும் அடிமைகள்’ என்னும் எண்ணம். புகை வெளியேறிய இடத்தில் அகங்காரம் குடிபுகுந்தால் வீடு தூய்மையானதாகாது. உண்மையில், சிகரெட்டை நீட்டும் கையும் பெரும்பாலும் விட விரும்பும் கையே. 2016-17-இல் நடந்த தேசிய அளவிலான புகையிலைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் புகைப்போருள் 55.4 சதவீதத்தினர் விட எண்ணியிருப்பதாகக் கூறினர், 38.5 சதவீதத்தினர் அதற்கு முந்தைய 12 மாதங்களில் விட முயன்றும் இருந்தனர். தேநீர்க் கடையில் நிற்கும் ஐவருள் இருவரேனும் உள்ளூர இளைஞரைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள்: ‘இவரால் முடிகிறதா?’

அக்கவனிப்பின் வலிமையை ஓர் ஆய்வு காட்டுகிறது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரை மையமாகக் கொண்டு, ஒருவரோடொருவர் உறவாலும் நட்பாலும் இணைந்த 12,067 பேரின் 1971 முதல் 2003 வரையிலான விவரங்களை நிக்கோலஸ் கிறிஸ்டாக்கிஸ், ஜேம்ஸ் ஃபவுலர் ஆகிய அறிஞர்கள் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டனர். நண்பர் ஒருவர் விட்டபோது, மற்றவர் புகைப்பவராக இருக்கும் வாய்ப்பு 36 சதவீதம் குறைந்திருந்தது. கணவனோ மனைவியோ விட்டபோது 67 சதவீதம் குறைந்திருந்தது. மனிதர்கள் தனித்தனியே அன்றிக் குழுக்களாகவே விட்டிருந்தனர். தீய பழக்கம் கூட்டுறவால் பரவுவது யாவரும் அறிந்தது. அதை விடுவதும் கூட்டுறவாலேயே பரவுகிறது. ஸத்ஸங்கம் என்பது எங்கோ சென்று அமர்வது மட்டுமன்று. தேநீர்க் கடை வாசலில் ஒருவர் உறுதியோடும் அன்போடும் நின்றால், அந்த இடமே சிறிது சிறிதாக ஸத்ஸங்கம் ஆகிறது. உபதேசம் தேவையில்லை, கேட்டால் மட்டும் கூறினால் போதும்.

ஆகவே அந்த இளைஞர் நான்கு மணிக்குச் செல்லட்டும். பெங்களூரு உணவகங்களில் ஒரு காபியை இரு குவளைகளில் பகிர்ந்து தரும் ‘பை-டூ’ என்னும் வழக்கம் உண்டு. சிகரெட்டை நீட்டிய நண்பரிடம் அவர், ‘வேண்டாம் குரு, நான் புகைப்பதில்லை, வா, ஒரு பை-டூ குடிக்கலாம்’ என்று கூறட்டும். பகிர்ந்துகொள்ளும் இன்பம் அப்படியே இருக்கும். புகை மட்டும் இராது. பெற்றதைக் காத்தல் என்பது இதுவே.

சிந்தனைக்கு

1. எந்த இடம், எந்த நேரம், எந்த முகம் என்னுடைய பழைய பழக்கத்தை எழுப்புகின்றது?

2. அங்கே நான் உண்மையில் நாடுவது எது? பழக்கத்தை விலக்கி அதை மட்டும் பெற வழி உண்டா?

3. விட்டுவிட்ட நண்பருக்கு ‘ஒன்றே ஒன்று’ என்று நீட்டிய கை என்னுடையதாக இருந்ததுண்டா?