ஒரு பகலில் செஞ்சி

கேள்வி: கப்பல் சுற்றுலாவில் வரும் உறவினர்கள் புதுச்சேரியில் ஒரு பகல்தான் இறங்குகிறார்கள். அதற்குள் செஞ்சிக் கோட்டையைக் காட்டிவிடலாமா?
– வாசகி, திண்டிவனம்

பதில்: தாராளமாகக் காட்டலாம். திண்டிவனம் வழியாகச் சுமார் 70 கி.மீ. இறங்கியதும் கிளம்பிவிடுங்கள், வெயில் ஏறினால் பாறை கொதிக்கும்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகள். மூன்றையும் ஒரே நாளில் ஏற நினைக்காதீர்கள். முழங்கால் பலமுள்ளவர்கள் ராஜகிரி ஏறட்டும். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து கிடக்கிறது; ஒரு சிறு பாலம்தான் வழி. அந்த இடத்தில் நின்றால், 1690 முதல் முகலாயப் படையை மராட்டிய மன்னர் ராஜாராம் ஏழாண்டுகளுக்கு மேல் எப்படித் தடுத்தார் என்பது சொல்லாமலே விளங்கும்.

பெரியவர்களுக்கு அடிவாரமே போதும். அடுக்கடுக்காக எழும் கல்யாண மகால், நெற்களஞ்சியம், வேங்கடரமணர் கோயில் என்று நிதானமாகப் பார்க்கலாம். திரும்பியதும் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றியுள்ள கருங்கல் தூண்களையும் காட்டுங்கள். அவை செஞ்சியிலிருந்து போனவை.

2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சியும் சேர்ந்தது. குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள். காலிப் பாட்டிலை மலையில் போடாமல் திருப்பிக் கொண்டுவாருங்கள்.