பொத்தானை அழுத்தும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கல்வராயன் மலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய், வகுப்பில் ஸ்மார்ட் போர்டும் இருக்கிறது, அதில் என்னென்ன காட்டலாம் என்று கேட்டிருந்தாய். காட்டுவதற்கு முன்னால் கேட்கப் பழகு. உன் பெரியப்பாவுக்கு இது லேட்டாகத்தான் புரிந்தது. புரொஜெக்டர் வந்த புதிதில் எரிமலை வீடியோ போட்டேன். ஒரே கைத்தட்டல். மறுநாள் எரிமலை ஏன் வெடிக்கிறது என்று கேட்டால், "சிவப்பா வழிஞ்சுது சார்" என்கிறான் ஒருவன்!

அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க ஃபெட் என்று ஓர் இலவசத் தளம் இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தமிழிலும் உண்டு. மின்சுற்றுப் பாடம் வரும்போது அதைத் திற. பல்பே இல்லாமல் பேட்டரியின் இரண்டு முனையையும் வயரால் சேர்த்தால் என்ன ஆகும்? உடனே சேர்த்துக் காட்டிவிடாதே. "ஒண்ணும் ஆகாது மிஸ்" என்பார்கள் சிலர், "ஷாக் அடிக்கும்" என்பார்கள் சிலர். கை தூக்கச் சொல்லி எண்ணிக் கரும்பலகையில் எழுது. அப்புறம் சேர். திரையில் பேட்டரி தீப்பிடித்து எரியும். நிஜத்தில் செய்ய விடக்கூடாத வேலை இது, அதனால் திரை வேண்டும்.

பல்பை எரியவைக்க மட்டும் திரை வேண்டாம். டார்ச் செல்லும் குட்டி பல்பும் வயரும் கையில் கொடு. வயர் முனையின் பிளாஸ்டிக்கைச் சீவாமல் வைத்துவிட்டு, ஏன் எரியவில்லை என்று முழிப்பார்கள். திரையில் அந்த முழி கிடைக்காது, அங்கே எல்லா வயரும் சீவியே வருகிறது.

மேலே டவர் கிடைக்காத இடங்கள் உண்டு. கள்ளக்குறிச்சிக்கு இறங்கும்போதே ஃபெட் கோப்புகளை இறக்கி வைத்துக்கொள், நெட் இல்லாமலே ஓடும். 2018இல் வந்த புதுப் பாடநூல்களின் க்யூஆர் கோடுகளையும் முந்தின நாளே திறந்து பார். வகுப்பில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால் நாற்பது பிள்ளைகளும் உன்னைத்தான் சுற்றுவார்கள்.

'உலகச் சுற்றுலா' காட்ட ஆசை என்றாயே, அதை உங்கள் ஓடையிலிருந்தே தொடங்கு. கூகுள் எர்த்தில் கோமுகி ஆற்றைப் பிடித்துக்கொண்டு மலையிறங்கு. அடிவாரத்தில் அணை, பிறகு மணிமுத்தாறு, விருத்தாசலம், வெள்ளாறு, பரங்கிப்பேட்டையில் கடல். நெட்டை நம்பாமல் ஒவ்வோர் இடத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. மேல்பாதிக்குப் பிள்ளைகள்தான் வாத்தியார். எந்த ஓடை எங்கே சேரும், எது கோடையில் வற்றும் என்று உன்னைவிட அவர்களுக்குத் தெரியும். கீழ்பாதியை நீ சொல்லு. கடலைப் பார்க்காத பிள்ளை ஒன்றிரண்டாவது இருக்கும், அவர்களை முன்வரிசையில் உட்காரவை.

விலை உயர்ந்த விஆர் கண்ணாடி கிடைக்கவில்லையே என்று ஏங்காதே. கூகுள் 2015இல் எக்ஸ்பெடிஷன்ஸ் என்று அட்டைக்கண்ணாடிச் சுற்றுலா ஒன்றைக் கொண்டுவந்தது. ஆசிரியர்கள் அதை நம்பிப் பாடம் தயாரித்தார்கள். 2021இல் கூகுள் அதை மூடிவிட்டது.

பேட்டரிக் கேள்விக்கு "ஒண்ணும் ஆகாது" என்று எத்தனை பேர் கை தூக்கினார்கள்? மறக்காமல் எழுது. என் வகுப்பில் பாதிக்கு மேல்.

அன்புடன்,
பெரியப்பா