சுகர் மட்டும் பார்த்தால் போதுமா?



நம்ம வெலிங்டனில் பெரியவங்க பேசிக்கொள்ளும்போது "சுகர் எவ்வளவு?" என்று கேட்பாங்க. "கொழுப்பு எவ்வளவு?" என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் உயிரை அதிகமாகப் பறிப்பது இதய, ரத்தக்குழாய் நோய்கள்தான்.

சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 1,262 பேரைப் பரிசோதித்து, 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். சுகர் இல்லாதவர்களில் 100-க்கு 9 பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய் இருந்தது. சுகர் உள்ளவர்களில் 100-க்கு 21 பேருக்கு!

ஏன் இப்படி?

இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டால், உடலில் சேர்த்து வைத்த கொழுப்பு கரைந்து கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் அதை ட்ரைகிளிசரைடாக மாற்றி ரத்தத்தில் விடும். ட்ரைகிளிசரைடு கூடினால் நல்ல கொழுப்பு (எச்.டி.எல்.) குறையும். கெட்ட கொழுப்பின் (எல்.டி.எல்.) துகள்கள் சிறுத்து, ரத்தக்குழாய்ச் சுவருக்குள் சுலபமாக நுழைந்து படியும். அதனால் 'மொத்தக் கொலஸ்ட்ரால் நார்மல்' என்று ரிப்போர்ட் வந்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியவை:

1. ட்ரைகிளிசரைடு – 150-க்குக் கீழே
2. எச்.டி.எல். – ஆண்களுக்கு 40-க்கு மேல், பெண்களுக்கு 50-க்கு மேல்
3. எல்.டி.எல். – 100-க்குக் கீழே (பலருக்கு இன்னும் குறைவாக இருக்கணும் என்று டாக்டர் சொல்வார்)

மலையில் இருக்கும் நமக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை!

நீண்ட நாள் சுகர் நரம்புகளைக் கெடுப்பதால், சிலருக்கு மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு வலிக்காது. மூச்சு வாங்கும், வியர்க்கும், அசதியாக இருக்கும். "மேடு ஏறினா மூச்சு வாங்கத்தானே செய்யும்" என்று நாமும் விட்டுவிடுவோம். வழக்கமாக ஏறும் மேட்டில் திடீரென்று முடியாமல் போனால் டாக்டரிடம் காட்டணும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறி வியர்த்தால் உடனே 108-ஐக் கூப்பிடணும்.

என்ன செய்யலாம்?

டீக்கு வர்க்கி நல்லாத்தான் இருக்கும். ஆனால் அது மைதாவும் வனஸ்பதியும் சேர்ந்தது. அதைக் குறைத்துக் கொண்டைக்கடலை, நிலக்கடலை சாப்பிடலாம். தினமும் அரை மணி நேரம் நடக்கலாம். புகை பிடிப்பதை விட்டுவிடணும். டாக்டர் கொடுத்த கொழுப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது.

உங்க வீட்டில் சுகர் உள்ளவர்கள் கொழுப்பு டெஸ்ட் எடுத்து ஒரு வருஷம் ஆகிவிட்டதா? இந்த வாரமே டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்க.

வருமுன் காப்போம்!