வேட்டை வரியும் காட்டுப் பிராணிகளின் விருத்தியும்

விதைக்கு வேண்டியதை நிறுத்திக்கொண்டு மிகுதியையே உண்பது குடியானவர் முறை. வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் இம்முறையே பொருந்துமென்பதை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவம் காட்டுகிறது.

அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள், இறைச்சி வியாபாரத்திற்காக வரம்பின்றிச் சுட்டதாலும் காடுகள் அழிந்ததாலும், மானும் காட்டு வான்கோழியும் பல ராஜ்யங்களில் அற்றுப்போகும் நிலையை அடைந்தன. பின்னர் ராஜ்ய சர்க்கார்கள் வேட்டைப் பருவம், எண்ணிக்கை வரம்பு, லைசென்ஸ் ஆகியவற்றை விதித்தன. ஆயினும், லைசென்ஸ் பணம் வேறு செலவுகளுக்குத் திருப்பப்படும் குறை இருந்தது.

1937-ஆம் வருஷத்து பிட்மன்-ராபர்ட்ஸன் சட்டம் இக்குறையை நீக்கிற்று. துப்பாக்கி, தோட்டா இவற்றின் மீதுள்ள தீர்வை காட்டுப் பிராணிகளின் விருத்திக்கென ஒதுக்கப்பட்டது. ஏற்கப்பட்ட வேலைகளின் செலவில் 100-க்கு 75 பங்கு வரை மத்திய சர்க்கார் கொடுக்கும். எஞ்சியதை ராஜ்யம் ஏற்கவேண்டும். லைசென்ஸ் பணத்தை வேட்டைப்பிராணி, மீன் இலாகாவின் வேலையன்றிப் பிறவற்றுக்குச் செலவிடுவதில்லையெனச் சட்டமியற்றாத ராஜ்யத்திற்கு இவ்வுதவி கிடையாது. 1950-இல் தூண்டில் சாமான்களின் தீர்வையும் மீன்வளத்திற்கு இவ்வாறே ஒதுக்கப்பட்டது.

இத்தொகையால் நிலம் வாங்கப்பட்டது, சதுப்புகள் திருத்தப்பட்டன, பிராணிகள் கணக்கிடப்பட்டன. பண்ணையில் வளர்த்து விட்ட வான்கோழிகள் காட்டில் நிலைக்கவில்லை. காட்டிலேயே பிடித்து வேறிடத்தில் விட்டவையே பெருகின.

மான் பெருகியபோது பயிர்ச்சேதமும் மிகுந்தது. ஆகவே மான் மிகுந்த இடங்களில் பெண் மான்களையும் சுட அனுமதி தரப்படுகிறது. கணக்கறிந்து காப்பதும், கணக்கறிந்து குறைப்பதும் ஒரே நிர்வாகத்தின் இரு பகுதிகளாம்.