மறைசாட்சிகளின் மண்ணுக்குப் போகிறோம்: திருயாத்திரைக் குழுக்களுக்குச் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து யாத்திரை பஸ் கிளம்புவது புதிதல்ல. சாம்பியன் ரீஃப், உரிகம், மாரிகுப்பம் லைன்களில் எந்த வீட்டைக் கேட்டாலும் வேளாங்கண்ணிக் கதை ஒன்று இருக்கும். இப்போது பல அன்பியங்கள் மறைசாட்சிகளின் தலங்களுக்கும் போக விரும்புகின்றன. சென்னையில் தோமையார் மலை, சின்னமலை, சாந்தோம். ராமநாதபுரம் மாவட்டத்தில் அருளானந்தர் தலை வெட்டுண்ட ஓரியூர். குமரியில் தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட காற்றாடிமலை. நல்ல ஆசைதான். ஆனால் இந்தத் தலங்களில் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இவர்கள் எதற்காக உயிரைக் கொடுத்தார்கள்? அதற்குப் பதில் தெரியாமல் போனால் மிச்சம் பஸ் களைப்புதான். கீழே உள்ளவை அனைத்தும் அந்த ஒரு கேள்வியை மனதில் வைத்து எழுதியவை.

செய்ய வேண்டியவை

1. புறப்படும் முன்பே புனிதர்களின் வரலாற்றைச் சொல்லிக்கொடுங்கள்.
யாத்திரைக்கு முந்தைய வாரங்களில் அன்பியக் கூட்டத்தில் ஒரு புனிதர் வீதம் பேசினால் போதும். அருளானந்தர் 1647இல் லிஸ்பனில் பிறந்தவர். அரண்மனையில் வளர்ந்தவர். சேசு சபையில் சேர்ந்து 1673இல் இந்தியா வந்து, காவி உடுத்து, புலால் மறுத்து, பண்டாரசாமியாக மதுரை மிஷனில் உழைத்தார். 1686இல் மறவர் சீமையில் பிடிபட்டு வதைபட்டார். பிறகு ஐரோப்பாவுக்குப் போன இடத்தில் போர்த்துகல் மன்னர் தம்மோடு இருந்துவிடச் சொல்லியும் கேளாமல் திரும்பி வந்தார். மறவர் சீமையைச் சேர்ந்த தடியத்தேவர் 1693 ஜனவரி 6 அன்று அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். அதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி அந்தச் சீமையை ஆண்ட சேதுபதிக்கு உறவு. அந்தக் கோபமே அருளானந்தரை ஓரியூருக்கு இழுத்துவந்தது. பிப்ரவரி 4 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. இதைத் தெரிந்துகொண்டு ஓரியூரில் இறங்குகிறவரின் ஜெபமே வேறாக இருக்கும்.

2. ஊர்களைக் குறையுங்கள், நேரத்தைக் கூட்டுங்கள்.
சென்னைத் தலங்கள் ஒரு பயணம். ஓரியூரும் குமரியும் இன்னொரு பயணம். இரண்டையும் ஒரே மூச்சில் பிடிக்க வேண்டாம். தெற்கே போனால் இந்த வரிசை நல்லது: ஓரியூர், தேவசகாயம் 1745இல் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளம், ஆரல்வாய்மொழி காற்றாடிமலை, கடைசியாக அவர் அடக்கம் செய்யப்பட்ட கோட்டாறு புனித சவேரியார் பேராலயம். ஓரியூருக்குப் பின், ஞானஸ்நானத்தில் தொடங்கிக் கல்லறையில் முடியும் இந்தப் பாதையில் தேவசகாயத்தின் வாழ்க்கையே வரிசையாக விளங்கும்.

3. காலத்தைப் பார்த்துத் தேதி குறியுங்கள்.
தங்கவயல் மேட்டு நிலம். நம் உடம்புக்குக் கடற்கரைப் புழுக்கம் பழக்கமில்லை. ஏப்ரல், மே மாதங்களில் ஓரியூர் வெயில் முதியவர்களைச் சுருட்டிவிடும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. ஜனவரி, பிப்ரவரி இதமான காலம். ஆனால் தேவசகாயம் கொல்லப்பட்ட ஜனவரி 14 பொங்கல் நெரிசலோடு வரும். பிப்ரவரி 4 ஓரியூர் திருவிழாக் கூட்டத்தோடு வரும். அமைதியாக ஜெபிக்க வேண்டுமானால் திருவிழாவுக்கு முன்போ பின்போ போங்கள். நம்மில் பலர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு லீவு கிடைக்கும் நாட்களாகப் பாருங்கள்.

4. திருத்தல அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதுங்கள்.
நாம் பெங்களூர் உயர்மறைமாவட்டத்துக்காரர்கள். சென்னைத் தலங்கள் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்தையும், ஓரியூர் சிவகங்கை மறைமாவட்டத்தையும் சேர்ந்தவை. நம் பங்குத்தந்தை அங்கே பூசை வைக்க வேண்டுமானால் நேரம், பீடம், பாவசங்கீர்த்தனத்துக்குக் குருக்கள், தங்கும் இடம் எல்லாம் முன்பே பேசி முடிவாக வேண்டும். பங்கின் கடிதமும் குருவானவரின் அடையாளச் சான்றும் கையில் இருக்கட்டும்.

5. வண்டியின் காகிதங்களைக் கமிட்டியே பார்க்கட்டும்.
கர்நாடக வண்டி தமிழ்நாட்டுக்குள் நுழைய பர்மிட்டும் வரியும் சரியாக இருக்க வேண்டும். டிரைவர் சொன்னதை நம்பிக் கிளம்பி, நடுராத்திரியில் எல்லையில் நிற்க வேண்டாம். இரவுப் பயணமானால் மாற்று டிரைவர் கட்டாயம்.

6. மைன்ஸில் உழைத்த பெரியவர்களை முன்னிருக்கையில் உட்கார வையுங்கள்.
2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதற்கு முன் பூமிக்கடியில் பாறைத் தூசியைச் சுவாசித்தவர்களில் பலருக்கு இன்றும் மூச்சு வாங்குகிறது. தோமையார் மலையில் 130க்கும் மேற்பட்ட படிகள். மேலே வரை வண்டிப் பாதையும் இருக்கிறது. அவர்களை வண்டியில் கூட்டிப்போங்கள். காற்றாடிமலையில் அடிவாரத்திலேயே ஜெபிக்க விரும்புகிறவர்களோடு இளைஞர் ஒருவர் துணை இருக்கட்டும். இன்ஹேலர், சர்க்கரை மாத்திரை, தண்ணீர் ஆகியவை டிக்கியில் போகும் பெட்டியில் வேண்டாம், கைப்பையிலேயே இருக்கட்டும்.

7. பணத்தை மாதத் தவணையாகச் சேருங்கள். கணக்கை எல்லாருக்கும் காட்டுங்கள்.
மொத்தத் தொகையை ஒரே நாளில் கேட்டால் யார் வராமல் போவார்கள் என்பது நமக்கே தெரியும். விதவைகள், பென்ஷன் இல்லாதவர்கள், பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் கிழவிகள். வசதியுள்ள குடும்பம் ஒரு இருக்கையைக் கூடுதலாக ஏற்கட்டும். யாருடைய இருக்கைக்கு யார் கொடுத்தது என்பது பங்குத்தந்தையோடு நிற்கட்டும்.

8. பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள்.
நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் படிக்கிறார்கள். தமிழ் வாசிப்பு பலருக்குத் தடுமாற்றம். ஒவ்வொரு தலத்திலும் புனிதரின் கதையை ஒரு பிள்ளை, தனக்கு வரும் மொழியில், இரண்டு நிமிடம் சொல்லட்டும். பாட்டி தமிழில் ஜெபமாலை சொல்ல, பேத்தி கன்னடத்தில் பதில் சொல்வது தங்கவயலுக்கு அழகுதான்.

செய்யக்கூடாதவை

1. "அப்படியே வேளாங்கண்ணியும்" என்று சேர்க்காதீர்கள்.
பஸ் ஏறியதும் யாராவது ஒருவர் கேட்பார். அடுத்தவர் ராமேஸ்வரம் என்பார், இன்னொருவர் கன்னியாகுமரி சூரிய உதயம் என்பார். ஒன்றைக் கூட்டினால் ஒன்றைக் கழித்தாக வேண்டும். வழக்கமாகக் கழிக்கப்படுவது ஜெப நேரம்தான்.

2. சாதி கேட்காதீர்கள், சாதி பார்த்து உட்காராதீர்கள்.
தேவசகாயம் உயர்குடியில் பிறந்து, அரண்மனைப் பணியில் இருந்தவர். கிறிஸ்தவரானபின் எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார். அதுவே அவர் மீது பகை மூளக் காரணங்களில் ஒன்று. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, "பிள்ளை" என்ற சாதிப் பெயரைத் திருச்சபை விட்டுவிட்டது. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பின்னாளில் கோயிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமாகச் சுவர் வைத்தார்கள். அந்தச் சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. பிழைப்பு தேடித் தங்கவயலுக்கு வந்த நம் முன்னோரில் பலர், தாங்கள் விட்டு வந்த ஊர்களில் அப்படிப்பட்ட சுவர்களுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். நம் பந்தியிலோ படுக்கையிலோ பேச்சிலோ அந்தச் சுவர் திரும்ப எழும்பினால் காற்றாடிமலையில் மண்டியிட்டு என்ன பயன்?

3. மறைசாட்சியின் இரத்தத்தை வைத்துப் பகை வளர்க்காதீர்கள்.
அருளானந்தரைக் கொல்ல உத்தரவிட்டவரும் மறவர் சீமைக்காரர். அவரை நம்பி ஞானஸ்நானம் பெற்ற தடியத்தேவரும் மறவர் சீமைக்காரர். ஓரியூருக்கு இன்றும் இந்துக்கள் நேர்ச்சையோடு வருகிறார்கள். பஸ்ஸில் கதை சொல்லும்போது "அவர்கள் நம்மை இப்படிச் செய்தார்கள்" என்ற தொனி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கதையைவிடத் தொனியைத்தான் நினைவில் வைப்பார்கள்.

4. மரபையும் வரலாற்றையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள்.
தோமையார் கி.பி. 72இல் மயிலைப் பகுதியில் மறைசாட்சியாக இறந்தார் என்பது திருச்சபை போற்றும் மரபு. புலியூர்குறிச்சியில் தேவசகாயம் முழங்கையால் பாறையை முட்ட நீர் சுரந்தது என்பதும் மக்கள் வழிவழியாகச் சொல்வது. மரபை மரபென்றே சொல்லுங்கள். அதனால் பக்தி குறையாது. கேள்வி கேட்கும் இளைஞர்களுக்கு நம் பேச்சின் மீது நம்பிக்கை கூடும்.

5. ஓரியூர் மண்ணைப் பை பையாக அள்ளாதீர்கள்.
அருளானந்தரின் இரத்தத்தால் சிவந்ததாக மக்கள் வணங்கும் மண் அது. ஒரு சிட்டிகை போதும். வீட்டில் ஜெபிக்கும் இடத்தில் வையுங்கள். அதை மருந்துக்கு மாற்றாக்கி, மாத்திரையை நிறுத்தும்படி யாரிடமும் சொல்லாதீர்கள்.

6. கல்லறை முன் போட்டோவுக்கு வரிசை கட்டாதீர்கள்.
குழுவில் ஒருவர் மட்டும் படம் எடுத்துப் பிறகு எல்லாருக்கும் அனுப்பட்டும். மற்றவர்களின் போன் பைக்குள் இருக்கட்டும். சாந்தோமிலும் கோட்டாற்றிலும் ஊர் மக்கள் அன்றாடம் பூசை காண்கிறார்கள். அவர்கள் முட்டுப்போட்டிருக்கும்போது நடுவே குறுக்கே நடக்காதீர்கள்.

7. பஸ்ஸைப் பாட்டுக் கச்சேரியாக்காதீர்கள், மௌனச் சிறையாகவும் ஆக்காதீர்கள்.
காலையில் ஜெபமாலை, பிறகு சிரிப்பும் பேச்சும், இரவில் தூக்கம். மது மட்டும் எந்த நேரத்திலும் எந்த இருக்கையிலும் கூடாது. இதைக் கிளம்புமுன்பே பங்குத்தந்தை வாயால் அறிவித்துவிடுவது நல்லது.

திரும்பி வந்தபின்

ஒரு வாரத்துக்குள் கூடுங்கள். வரவுசெலவைப் படியுங்கள். மீதியான பணத்தை என்ன செய்வது என்று எல்லாருமாக முடிவெடுங்கள். வர முடியாமல் படுத்திருந்தவர்களின் வீட்டுக்குப் போய், அவர்களுக்காக எங்கே ஜெபித்தோம் என்று சொல்லுங்கள்.

உலகெங்கும் இப்படித்தான் மறைசாட்சிகளின் நினைவு வாழ்கிறது. உகாண்டாவின் நமுகோங்கோவுக்கு ஒவ்வொரு ஜூன் 3 அன்றும் மக்கள் பல நாள் நடந்தே வருகிறார்கள். 1597இல் 26 பேர் சிலுவையில் அறையப்பட்ட நாகசாகிக் குன்றில் இன்றும் ஜெபம் நடக்கிறது. நம் மண்ணில் தேவசகாயத்தின் வாழ்க்கை நமக்கு இன்னும் நெருக்கமானது. அவர் குருவோ துறவியோ அல்ல. மனைவியோடு குடும்பம் நடத்தியவர், சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். விசுவாசத்தை விட்டால் பிழைக்கலாம் என்றபோதும் விடவில்லை. திங்கட்கிழமை ரயிலேறி வேலைக்குப் போகிறவர், பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடச் சொன்னால் மறுக்கட்டும். கூட வேலை செய்கிறவரைச் சாதி சொல்லி ஒதுக்கினால் தட்டிக் கேட்கட்டும். மறைசாட்சிகளின் மண்ணை மிதித்து வந்தவர்களிடம் திருச்சபை எதிர்பார்ப்பது இதைத்தான்.