மேடில்லாத ஊரில் ஏறாத கார்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரை மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. திருப்பாலைவனம் தாண்டினால் உப்புக்காற்றும் ஏரியும் வலை காயும் குப்பங்களும்தான். இந்த ரோட்டில் மட்டும் ஓடுகிற காருக்கு இழுவை குறைந்தால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. எங்கள் பக்கத்து வண்டிகளுக்கு உண்மையான பரீட்சை திருமலையில்தான். ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், புத்தூர் வழியாகத் திருப்பதி போய், 1974-ல் திறந்த இரண்டாவது மலைப்பாதையில் ஏறும்போது குட்டு வெளிப்படும். என் பழைய பெட்ரோல் கார் அங்கேதான் திணறியது. இரண்டாவது கியரில் முழுக்க மிதித்தும் வேகம் ஏறவில்லை. ஊர் திரும்பியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது.

காரணம் எளிய கணக்கு. ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள கார், சமதளத்தில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போக மூன்று நான்கு குதிரைத்திறன் போதும். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் ஏற்றத்தில் அதே வேகத்துக்கு இன்னும் ஒன்பது, பத்து வேண்டும். இன்ஜின் பாதி நோயாளியாக இருந்தாலும் பழவேற்காடு ரோட்டில் சமாளித்துவிடும். காற்று மெலிவதைக் குறை சொல்லவும் முடியாது. திருமலையின் உயரம் சுமார் 850 மீட்டர். டர்போ இல்லாத இன்ஜின் அங்கே எட்டு, ஒன்பது சதவீதம்தான் பலம் இழக்கும்.

மெக்கானிக்கிடம் போய் "பிக்கப் இல்லை" என்று மட்டும் சொன்னால் வேலை நடக்காது. எப்படி இல்லை என்று சொல்ல வேண்டும். ஆர்.பி.எம். முள் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. வண்டி வெட்டி வெட்டி இழுத்தால் பிளக்கையும் காயிலையும் பாருங்கள். பாரம் கூடும்போதுதான் பலவீனமான தீப்பொறி தவறும். கொஞ்ச நேரம் நன்றாக இழுத்துவிட்டுப் பிறகு சோர்ந்தால், பெட்ரோல் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். எவ்வளவு மிதித்தாலும் ஒரு ஆர்.பி.எம்.முக்கு மேல் போகாமல் மூச்சடைத்தால், ஏர் ஃபில்டரிலோ சைலன்சர் பக்கத்து கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரிலோ அடைப்பு இருக்கலாம். டீசல் வண்டியில் கரும்புகையும் 'உஸ்' சத்தமும் சேர்ந்து வந்தால் டர்போ ஹோஸ் கிழிந்திருக்கக்கூடும். இன்ஜின் விளக்கு எரிந்து, அணைத்து ஸ்டார்ட் செய்ததும் சரியானால், வண்டி தானாகவே பலத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. பதிவாகியிருக்கும் பிழைக் குறியீட்டைப் படித்துப் பார்க்க வேண்டும்.

மலை இல்லாத ஊரில் சோதிப்பது எப்படி? நெடுஞ்சாலை மேம்பாலம் போதும். சீட்டெல்லாம் ஆளை ஏற்றிக்கொண்டு, போக்குவரத்து குறைந்த நேரத்தில், மூன்றாவது கியரில் ஏறிப் பார்த்தேன். ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரை செல்போனோடு இணைத்து, பக்கத்து சீட்டில் இருந்தவரை எண்களைப் பார்க்கச் சொன்னேன். பி0171 என்ற பிழைக் குறியீடு வந்தது: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. எங்காவது ரப்பர் குழாய் விரிசல் விட்டுக் காற்று உள்ளே கசிந்தால், கணினி செய்யும் பெட்ரோல் திருத்தம் ஐடிலிங்கில் எகிறி, பாரத்தில் குறையும். பெட்ரோல் போதாவிட்டால் நேர்மாறு. என் வண்டியில் அந்தத் திருத்தம் ஐடிலிங்கில் ஒழுங்கு. பாலம் ஏறும்போது பிளஸ் 20 சதவீதத்தைத் தாண்டியது. பெட்ரோல் அழுத்தத்தை கேஜ் வைத்துப் பார்த்தபோது, அதுவும் மிதிக்க மிதிக்க இறங்கியது.

"பம்பு போச்சுண்ணே, புதுசு போட்டுடலாம்" என்றார் மெக்கானிக் தம்பி.

"போடலாம் தம்பி. அதுக்கு முன்னாடி மீட்டரை வெச்சு எர்த்தைப் பாரு" என்றேன்.

இன்ஜின் ஓடும்போது பம்பின் எர்த் ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. கிட்டத்தட்ட 2 வோல்ட் காட்டியது. எர்த் ஒயர் பாடியில் பிடிக்கும் இடம் உப்புக்காற்றில் துருவேறிப் பூத்திருந்தது. பம்புக்கு முழு மின்சாரம் போய்ச் சேரவில்லை. மெதுவாகச் சுற்றிய பம்பு சமதளத்துக்குப் போதுமானதாக இருந்தது, ஏற்றத்துக்கு இல்லை. புதுப் பம்பு போட்டிருந்தாலும் இதே கதைதான். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, துருவை உப்புத்தாளால் தேய்த்து, புது லக் மாட்டி, போல்ட்டை முறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். மேம்பாலத்தில் அழுத்தம் இறங்கவில்லை. அடுத்த முறை மலையும் ஏறியது.

ஏரிக்கரை ஊர்களில் கார் வைத்திருப்பவர்கள் இன்னும் சிலவற்றையும் கவனிக்க வேண்டும். பிரேக் காலிப்பர் பின் துருப்பிடித்து இறுகினால், பிரேக் விடாமல் உரசி இழுவையைத் தின்னும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனல் வீசினால் அதுதான். கருவாட்டு மணத்துக்கு வரும் எலி ஒயரைக் கடிக்கும், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கூடும் கட்டும். திறந்து பார்ப்பதற்குச் செலவில்லை. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருப்பதால் அது ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் மாதக்கணக்காக நிற்கும் வண்டியைப் பழைய பெட்ரோலோடு மலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மேம்பாலச் சோதனையைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே செய்துவிடுங்கள். முந்தின நாள் குறை தெரிந்து பயனில்லை. மீறி மலைப்பாதையில் திணறினால் ஏ.சி.யை அணைத்து, கியரைக் குறைத்து, கிளட்சைப் பாதியில் பிடிக்காமல் ஓட்டுங்கள். சூட்டு முள் ஏறினால் ஓரம் கட்டுங்கள். மெக்கானிக் எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், மாற்றுவதற்கு முன் அளந்த எண் என்ன, இருக்க வேண்டிய எண் என்ன என்று இரண்டையும் கேளுங்கள். எண் சொல்ல முடியாவிட்டால் அது இன்னும் ஊகம்தான்; ஊகத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.