ஆணி டயர் ரிம்மில் ஏற மறுப்பது ஏன்? – நம்பிக்கைகளும் உண்மைகளும்

டயரில் ஆணி என்றாலே பஞ்சர் கடைதான் நினைவுக்கு வரும். பின்லாந்து, நார்வே, கனடா போன்ற பனிநாடுகளிலோ ஆணியைக் காசு கொடுத்து டயரோடு வாங்குகிறார்கள். உறைந்த சாலையில் சைக்கிள் வழுக்காமல் இருக்க, டயரின் வெளிப்பரப்பில் சிறு உலோக ஆணிகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். நோக்கியன் டபிள்யூ106, டபிள்யூ240 ஆகிய டயர்களின் பெயரில் உள்ள எண்ணே அவற்றின் ஆணிக் கணக்கு. நல்ல ஆணிகளின் முனை டங்ஸ்டன் கார்பைடால் ஆனது. வெறும் எஃகு முனை தார்ச்சாலையில் விரைவில் தேய்ந்துவிடும்.

இந்த டயர்களைப் பற்றிய முதல் புகார் ஓட்டுவதைப் பற்றியதல்ல, மாட்டுவதைப் பற்றியது. ஆணியைத் தாங்க ரப்பர் தடிமனாக இருக்க வேண்டும். பெரும்பாலான வகைகளில் விளிம்புக்குள் ஓடுவது எஃகுக் கம்பி. மடித்துக் கட்டப்பட்டுக் கிடங்கில் கிடந்த டயர், அந்த மடிப்பிலேயே இறுகியும் இருக்கும். இத்தனையும் சேர்ந்து, கடைசி ஒரு சாண் டயர் மட்டும் ரிம்முக்குள் போகாமல் மணிக்கணக்கில் அடம்பிடிக்கும். அந்த ஒரு சாணைச் சுற்றி வளர்ந்த நம்பிக்கைகள் பல.

“டயர் சிறிதாக இருக்கிறது, அளவு தவறு”

பல நேரங்களில் இது தவறான முடிவு. சில நேரங்களில் சரியானதும்கூட. சைக்கிள் டயரின் அங்குலக் கணக்கு ஒரு பெருங்குழப்பம். நம் ஊர்ப் பழைய 28 அங்குலச் சைக்கிளின் ரிம்மில் கம்பி அமரும் இடத்தின் விட்டம் 635 மி.மீ. ஐரோப்பியக் கடையில் 28 அங்குலம் என்று விற்கும் டயருக்கோ அது 622 மி.மீ. இரண்டிலும் 28 என்றே எழுதியிருக்கும். 622 டயர் 635 ரிம்மில் எந்தக் காலத்திலும் ஏறாது. 26 அங்குலம் இன்னும் மோசம்: அந்தப் பெயரில் 559, 584, 590 என வெவ்வேறு விட்டங்கள் உண்டு. எனவே பார்க்க வேண்டியது டயரின் பக்கவாட்டில் 42-622 என்பதுபோல் அச்சிட்டிருக்கும் எண்ணை. முதல் எண் அகலம், இரண்டாவது விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். இரண்டாவது எண் ரிம்மில் உள்ள எண்ணோடு பொருந்தினால் அளவு சரி. அதற்குப் பிறகும் டயர் ஏறவில்லை என்றால், பெரும்பாலும் சிக்கல் மாட்டும் முறையில் இருக்கிறது.

“கையில் வலு இருந்தால் ஏறிவிடும்”

எல்லா நம்பிக்கைகளுக்கும் தாய் இதுதான். விளிம்புக் கம்பி நீளாது. நீளக் கூடாது என்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். கம்பி நீண்டால் காற்றழுத்தத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்று டியூப் வெடித்துவிடும். நீளாத ஒரு வளையம், தன்னைவிடப் பெரிய ரிம் சுவரைத் தாண்டி உள்ளே போவது எப்படி? விடை ரிம்மின் நடுவில் இருக்கிறது.

சைக்கிள் ரிம்மைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரு ஓரங்களிலும் சுவர், சுவரை ஒட்டிக் கம்பி அமரும் மேடை, இரண்டு மேடைகளுக்கும் நடுவே ஒரு பள்ளம் தெரியும். 622 ரிம்மில் மேடை மையத்திலிருந்து 311 மி.மீ. தொலைவில் இருக்கும். சுவர் மேடையைவிட 6 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால், சுவரின் உச்சி 317 மி.மீ. டயர் ஒரு பக்கம் மேடையில் அமர்ந்திருக்க, எதிர்ப்பக்கம் சுவரைத் தாண்ட வேண்டுமானால் 311-உம் 317-உம் சேர்ந்து 628 மி.மீ. தேவை. கம்பி வளையத்தின் விட்டமோ 622. இந்த 6 மி.மீ. பற்றாக்குறையை எந்தப் பயில்வானாலும் இழுத்து நிரப்ப முடியாது. ஆனால் மேடையில் அமர்ந்திருக்கும் பக்கத்துக் கம்பியை 4 மி.மீ. ஆழமுள்ள நடுப்பள்ளத்துக்குள் இறக்கிவிட்டால் தேவை 624 ஆகக் குறைகிறது. மீதி 2 மி.மீ., வளையம் சற்றே நீள்வட்டமாக வளைவதிலேயே கிடைத்துவிடும். நெம்ப முடியாமல் நின்ற டயர் கட்டைவிரலுக்கு இறங்கிவருவது இப்படித்தான்.

நடைமுறையில் இதன் பொருள், போராட்டம் நடக்கும் இடத்தைவிட அதற்கு நேர் எதிரே உள்ள இடம்தான் முக்கியம் என்பது. மாட்டுபவரின் கண் கடைசி ஒரு சாணிலேயே இருக்கும். அதற்குள் எதிர்ப்பக்கக் கம்பி பள்ளத்திலிருந்து மேடைக்கு ஏறியிருக்கும். எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, இரு கைகளாலும் டயரைப் பிதுக்கிக் கம்பியை நடுவுக்குத் தள்ளியபடியே இருபுறமும் உருவிக்கொண்டு வர வேண்டும். உருவி வரும் தளர்ச்சியெல்லாம் கடைசி இடத்தில் சேரும். இந்த உருவலை இரண்டு மூன்று முறை பொறுமையாகச் செய்தவருக்கு நெம்புகோல் தேவைப்படுவது குறைவு. ஆணி உள்ளங்கையைக் கீறும் என்பதால் தோல் கையுறை அவசியம். உருவி வந்த தளர்ச்சி நழுவாமல் இருக்க, ஒரு வார்ப்பட்டையால் டயரையும் ரிம்மையும் சேர்த்துக் கட்டிவைப்பதும் உதவும்.

“எந்த இடத்தில் முடித்தால் என்ன?”

வால்வு இருக்கும் இடத்தில்தான் முடிக்க வேண்டும். வால்வின் அடிப்பகுதி தடிமனானது. அது பள்ளத்தை அடைத்துக்கொள்வதால் அங்கே கம்பி இறங்க இடம் இருக்காது. வால்வருகே தொடங்கி எதிரே முடிப்பவர், தளர்ச்சி வேண்டிய இடத்தில் ஒரு முட்டுக்கட்டையை வைத்துவிட்டு எதிரே மல்லுக்கட்டுகிறார். வால்வுக்கு எதிரே தொடங்கி வால்வருகே முடித்தால் இந்தச் சிக்கல் இல்லை. டியூப் வடிவம் பெற முதலில் கொஞ்சம் காற்று அடிப்பது நல்லது. ஆனால் கடைசிப் பகுதிக்கு வரும்போது அந்தக் காற்றை முழுக்க இறக்கிவிட வேண்டும். ஊதிய டியூபும் பள்ளத்தை அடைக்கும்.

“ரிம் டேப் ஒரு பொருட்டே அல்ல”

போக்ஸ் கம்பியின் தலை டியூபைக் குத்தாமல் இருக்கப் பள்ளத்தில் ஒட்டும் நாடாவைத்தான் ரிம் டேப் என்கிறார்கள். 1 மி.மீ. தடிமனுள்ள துணி நாடா, பள்ளத்தின் ஆழத்தில் 1 மி.மீ.யைத் தின்றுவிடும். ரிம்மைச் சுற்றிக் கணக்கிட்டால் அது 6 மி.மீ.க்கும் அதிகமான தளர்ச்சியின் இழப்பு. கோடைக்கால டயர் சிரமமின்றி ஏறிய ரிம்மில் ஆணி டயர் ஏற மறுக்கும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று. மெல்லிய பிளாஸ்டிக் நாடாவுக்கு மாறினாலே வேலை பாதி குறைந்துவிடும். நாடா மேடையின்மீது ஏறி நிற்கும் அளவுக்கு அகலமாகவும் இருக்கக் கூடாது. டியூப் இல்லாத டயருக்காக வடிவமைத்த புதிய ரிம்களில் இன்னொரு தொல்லை உண்டு: மேடைக்கும் பள்ளத்துக்கும் நடுவே சிறு வரப்பு இருக்கும். மேடையேறிய கம்பியை அந்த வரப்பு இறங்கவிடாது. அழுத்தித்தான் உள்ளே தள்ள வேண்டும்.

“ஸ்குரூ டிரைவர் போதும், எண்ணெய் இருந்தால் இன்னும் எளிது”

இரண்டுமே கெடுதல். இரும்பு ரிம் காலத்தில் எஃகு லீவர் பெரிய சேதம் செய்யவில்லை. அலுமினிய ரிம்மின் சுவரை அது நெளித்துவிடும், கார்பன் ரிம் விரிசலே விடலாம். கூர்முனை டியூபைக் கிள்ளுவதும் வழக்கம். புதிய டயரை மாட்டி முடிக்கும்போதே பஞ்சரானால் காரணம் பெரும்பாலும் இந்தக் கிள்ளல்தான். நெம்பத்தான் வேண்டும் என்றால் பிளாஸ்டிக் லீவர். அதையும் ஒரே இடத்தில் பெரிதாக நெம்பாமல், சில சென்டிமீட்டர் விட்டு விட்டுச் சிறிது சிறிதாக. எதிர்ச்சுவரில் முட்டுக்கொடுத்துக் கம்பியைத் தூக்கி உள்ளே போடும் தனிக் கருவியும் கடைகளில் கிடைக்கிறது. டியூப் கிள்ளப்படும் அபாயம் அதில் குறைவு.

கனிம எண்ணெயும் கிரீஸும் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். ரிம்மைப் பற்றும் பிரேக் உள்ள சைக்கிளில் அவை பிரேக்கையும் செயலிழக்கச் செய்யும். சோப்புத் தண்ணீரே போதுமானது. வேலையைச் சூடான அறைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். உறைநிலைக்குக் கீழே சோப்புத் தண்ணீரும் உறையும், ரப்பரும் விறைக்கும், விரல்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

“இரண்டு நாள் தொங்கவிட்டால் டயர் பெரிதாகும்”

கம்பி பெரிதாவதில்லை. ஆனால் இந்தப் பழக்கம் முழுப் பொய்யும் அல்ல. மடிப்பு நீங்கி டயர் வட்டவடிவம் பெறும்; சூடான அறையில் ரப்பர் இளகும்; அதனால் கையாள எளிதாகிறது. ஒருமுறை மாட்டிச் சில நாள் காற்றோடு விட்ட டயர் அடுத்த முறை சுலபமாக ஏறுவதற்கும் இதுவே காரணம்: கம்பியைச் சுற்றியுள்ள ரப்பர் படிந்துவிடுகிறது.

“ஆணி உள்ளே இறங்கி டியூபைக் குத்தும்”

தொழிற்சாலையில் செய்த டயரில் ஒவ்வோர் ஆணிக்கும் அகன்ற அடித்தட்டு உண்டு. அது தடித்த ரப்பருக்குள் புதைந்திருக்கும். அதற்கும் டியூபுக்கும் இடையே டயரின் நூல் அடுக்குகள் இருக்கின்றன. இந்த அச்சம் பொருந்துவது வீட்டில் தயாராகும் டயருக்கு. பழைய டயரில் உள்ளிருந்து திருகாணிகளை முறுக்கி வெளியே நீட்டிவிடுவது சிலருடைய வழக்கம். அவற்றின் தலை டியூபைப் பார்த்தபடி இருக்கும். நடுவே தடித்த பட்டை வைக்காவிட்டால் டியூப் பிழைக்காது.

“ஏறியதும் வேலை முடிந்தது”

இன்னும் இரண்டு வேலைகள் உள்ளன. டயரின் பக்கவாட்டில், ரிம்முக்குச் சற்று மேலே, மெல்லிய கோடு ஒன்று வட்டமாக ஓடும். காற்றடித்த பின் அந்தக் கோடு ரிம்மிலிருந்து எங்கும் ஒரே தொலைவில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் அது ரிம்முக்குள் மறைந்தால் அங்கே கம்பி இன்னும் பள்ளத்தில் கிடக்கிறது. வெளியே பிதுங்கினால் டியூப் சிக்கியிருக்கலாம். காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மீண்டும் அடிக்க வேண்டும். டயரில் அச்சிட்ட உச்ச அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியை மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. அத்தனை பாடுபட்ட பிறகு பார்ப்பவர் நிலைமை பரிதாபம்.

இரண்டாவது, ஆணியைப் பழக்குவது. புதிய டயரை முதல் 40, 50 கி.மீ. வரை தார்ச்சாலையில் நிதானமாக ஓட்ட வேண்டும். சட்டென்று பிரேக் பிடிப்பதும் வேகமெடுப்பதும் கூடாது. ஆணிகள் தத்தம் குழியில் இறுகி உட்கார இது தேவை. வாங்கிய அன்றே பனிக்கட்டியில் வித்தை காட்டினால் ஆணிகள் பிய்த்துக்கொண்டு போகும். போன ஆணிக்குப் பதில் புதிது பதிக்கலாம். அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே இடைவெளி இருக்கிறதா என்பதையும் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். ஆணியின் முனை ரப்பருக்கு வெளியே நீட்டி நிற்பதால் அகலக் கணக்கு மட்டும் போதாது.

“ஒரே ஒரு டயர் என்றால் பின்சக்கரத்துக்கு”

பின்சக்கரம் வழுக்கினால் சைக்கிள் வாலாட்டும், பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது, ஓட்டுபவர் தரையில் கிடப்பார். எனவே பணம் ஒரு டயருக்குத்தான் என்றால் அது முன்சக்கரத்துக்கே உரியது. இரண்டுக்கும் போடுவதுதான் முறை.

“பனி பெய்யும் ஊரில் ஆணி டயர் இல்லாமல் முடியாது”

பின்லாந்தின் ஊலு நகரம் குளிர்காலச் சைக்கிள் பயணத்துக்குப் பேர்போனது. குளிர்காலச் சைக்கிள் மாநாடு 2013-இல் முதன்முதலாகக் கூடியதும் அங்கேதான். அங்கே சைக்கிள் பாதைகளில் பனியைத் தள்ளி இறுக்கிவிடுகிறார்கள். இறுகிய குளிர்ந்த பனியில் சாதாரண டயரே பற்றும். அப்படி ஓட்டுபவர்கள் அந்த ஊரில் ஏராளம். ஆழமான புதுப்பனியிலும் ஆணியால் பெரிய பயன் இல்லை. அங்கே உதவுவது டயரின் அகலமும் ஆழமான பள்ளவரிகளும்தான். ஆணியின் வேலை பனிக்கட்டியில். பகலில் உருகி இரவில் உறையும் நாள்களில், வெப்பநிலை சுழியை ஒட்டி ஊசலாடும்போது, பாதை கண்ணாடிபோல் ஆகிவிடும். அந்த நாள்களுக்காகத்தான் இந்த டயர்.

அப்படிப்பட்ட நாள்கள் முன்னறிவிப்பின்றி வந்து போகும். ஒவ்வொரு முறையும் டயரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க யாராலும் ஆகாது. அதனால் ஆண்டு முழுவதும் ஓட்டுபவர்களில் பலர் ஆணி டயரோடு இன்னொரு ஜோடிச் சக்கரத்தையே வைத்திருக்கிறார்கள். பனி தொடங்கும்போது சக்கரத்தை மாற்றினால் போதும், டயரைத் தொட வேண்டியதில்லை. அதற்கு வசதி இல்லாதவர்கள், குளிர்காலம் வருவதற்கு முன்பே வீட்டுக்குள் டயரை ஒருமுறை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிப் பார்த்துவிட வேண்டும். வீட்டில் கையால் ஏறாத டயர், உறைபனியில் நடுவழியில் பஞ்சரானால் ஏறவே ஏறாது.